கடைசி நாற்காலிக்காரன்

மணி ஏழே கால். கடைசி நாற்காலிக்காரன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

நூலக வாசிப்பறையில் அவனுக்கு நாலு மேசை தள்ளி இருந்த இவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. புத்தகத்தில் எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. ஆனாலும் முதலில் எழுந்தவன் தோற்றவன். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அரசு வேலைப் பரீட்சைக்கு முதல் இரண்டு தடவையும் படிப்பு இரண்டாம் மாதமே படுத்துவிட்டது. ரிசல்ட்டும் கூடவே படுத்தது. வயது வரம்புப்படி நாளை எழுதுவதுதான் கடைசி வாய்ப்பு. இந்த முறை எட்டு மாதம் ஒரு நாள் விடாமல் வாசிப்பறைக்கு வந்தானென்றால், ஒரே காரணம் அந்தக் கடைசி நாற்காலி எதிரிதான்.

எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அவன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பான். ஆறு மணியானால் மற்றவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள், அக்கறையில்லாத கூட்டம். அவன் மட்டும் அசைய மாட்டான்.

எதிரே ஒரு தடிப் புத்தகம். அதன்மேல் பெரிய சாவிக்கொத்து. வீட்டில் அத்தனை அறையை வைத்துக்கொண்டு இங்கே வந்து உயிரை வாங்குகிறானே என்று இவனுக்கு வயிறு எரியும்.

கேட்டுவிடலாமென்றால் சுவரில் ‘அமைதி காக்கவும்’ பலகை. எட்டு மாதமாக இருவரும் முறைத்துக்கொண்டதோடு சரி.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அடப்பாவி, நெருப்பா சுடுது. கிளம்புடா.”

“அவன் எழுந்திரிக்கட்டும்.”

“அவன் யாரு உனக்கு, மாமனா மச்சானா?”

“மெதுவா பேசுக்கா. அவனவிட ஒரு நிமிஷமாவது கூட உட்காரணும். இல்லன்னா என் வேலை அவனுக்குப் போயிடும்.”

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. பலகையாவது ஒன்றாவது!

“விடிஞ்சா பரீட்சைடா! அங்க போய் மயங்கி விழப்போறியா?”

கடைசி நாற்காலி கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாக அவன் முந்தி எழுந்துவிட்டான். முகத்தில் சிரிப்பு வேறு. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நேராக இவனை நோக்கி வந்தான்.

இவன் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். ஜெயித்துவிட்டோமா? இல்லை, கடைசி நேரத்தில் ஏதாவது சதியா?

“நாளைக்கா பரீட்சை?” குரல் தழுதழுத்தது அவனுக்கு.

“ஆமா. உங்களுக்கும் நாளைக்குத்தானே?”

“எனக்கு என்ன பரீட்சை தம்பி? நீங்க எழுந்தா பூட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்னு எட்டு மாசமா உட்கார்ந்திருக்கேன்!”