வீடு அதிர ஓர் ஆம்ப்ளிஃபையர்

"வீடு அதிரணும் தம்பி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடன்னு ஆடணும். அந்த மாதிரி ஒரு ஆம்ப் எடுத்து வைங்க," என்றார் பெர்னார்ட்.

பினாங் ரோட்டுக்குப் பின்னாலிருந்த அந்த ஆடியோ கடையில், பக்கத்தில் நின்ற மகன் டெஸ்மண்டுக்கு மயக்கம் வராத குறை. பேசுவது அப்பாதானா? கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாம் வீட்டில் அவன் பாட்டுப் போட்டாலே, "ஏண்டா, இது வீடா, திருவிழாப் பந்தலா? அணைடா அந்த டம்டம்ம!" என்று கத்துகிற அதே மனுஷன்தானா?

அவன் ஆசை ஆசையாய் வாங்கிய சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி ஹாலில் ஊமையாய்க் கிடந்தது. போன கிறிஸ்துமஸ் அன்று அதன் ஆம்ப் புகைந்து செத்தபோது, "ஆண்டவர் இப்பவாச்சும் கண்ணத் தெறந்தாரே!" என்று விழுந்து விழுந்து சிரித்தவர் அப்பா. அவரே இன்று காலையில், "கெளம்புடா, பினாங் தீவுக்குப் போயி புது ஆம்ப் வாங்கலாம்" என்று ஃபெரி ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார்.

புது ஆம்பைக் கேட்க டெஸ்மண்ட் இருக்கப் போவதில்லை. வருகிற சனிக்கிழமை அவன் சிங்கப்பூர் போகிறான். வேலை கிடைத்தாயிற்று, தங்க இடமும் பார்த்தாயிற்று. அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்லித் தொலைப்பது? அம்மா போனபிறகு அந்த வீட்டில் அப்பாவும் அவனும்தான். கோர்ஸுக்கென்று அவன் கோலாலம்பூர் போயிருந்த வாரம் முழுக்க, அடுப்புப் பற்றவைக்காமல் பிஸ்கட்டும் பால் விடாத கோப்பி ஓவுமாகவே காலம் தள்ளியவர் அவர்.

அப்பாவின் தங்கை அமலம்மாளிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தான். "யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் ராசா. ஒனக்காக வேண்டிக்கிறேன், அதோட சரி," என்று அத்தை சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

கடைக்காரர் நல்லமுத்து ஒரு கனத்த ஆம்ப்பைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "ஒங்க சப்வூஃபர் எத்தன வாட்ஸ் அங்கிள்?"

"முந்நூறு. நாலு ஓம்," என்று பட்டென்று சொன்னார் அப்பா. அட, பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்து மனப்பாடம் பண்ணி வந்திருக்கிறார்! டெஸ்மண்டுக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று.

"அப்ப இது சரியா இருக்கும் லா. முந்நூத்தம்பது குடுக்கும். சின்ன ஆம்ப வச்சு முறுக்குனா மறுபடியும் பொகஞ்சிரும். இதுல எல்லாத்தையும் போன்லயே செட் பண்ணிக்கலாம் அங்கிள்."

"ஐயையோ, போனெல்லாம் வேணாம் தம்பி. ஒரே ஒரு பட்டன். திருகுனா சத்தம் வரணும். அது போதும்."

"நான்தான் இருக்கேன்லப்பா, நான் செட் பண்ணித் தரேன்." பழக்கதோஷம், வாய் தவறி வந்துவிட்டது டெஸ்மண்டுக்கு. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். எங்கே இருக்கப் போகிறான்?

"நானே போடணும், நானே அணைக்கணும்," என்றார் அப்பா, அவனைத் திரும்பிப் பார்க்காமல்.

நல்லமுத்து உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். முன்பக்கம் ஒரே பட்டன். கடையிலிருந்த சப்வூஃபரில் மாட்டுவதற்குள் சொல்லிவிடலாம் என்று டெஸ்மண்ட் அப்பாவின் முழங்கையைத் தொட்டான்.

"அப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"இருடா, பாட்டுப் போடறாரு பாரு."

டம்மென்று விழுந்தது அடி. மேசை நடுங்கியது, டெஸ்மண்டின் நெஞ்சும் சேர்ந்து நடுங்கியது. அப்பா மட்டும் தலையை ஆட்டி ஆட்டி, "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க!" என்று கத்தினார்.

பாட்டை அணைத்துவிட்டு நல்லமுத்து டெஸ்மண்டைப் பார்த்துச் சிரித்தார். "கொடுத்து வச்ச ஆளு தம்பி நீங்க. மவன் வீட்ட விட்டு நகரக் கூடாதுன்னு அப்பா என்னென்ன பண்றாரு பாருங்க."

அதற்கு மேல் தாங்கவில்லை. அப்பா பேரம்கூடப் பேசாமல், "கட்டிருங்க" என்றபோது டெஸ்மண்ட் குறுக்கே விழுந்தான்.

"வேணாம்பா! வாங்காதீங்க! நான் சனிக்கெழம சிங்கப்பூர் போறேன்பா. வேல கெடச்சிருச்சு. சொல்றதுக்குத் தைரியம் வரல. இத வாங்கிட்டுப் போயி யாருக்குப்பா?"

நல்லமுத்து கையில் பிடித்த டேப்போடு அப்படியே நின்றுவிட்டார். டெஸ்மண்டுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பெர்னார்ட் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்டா. ஒங்க அத்த ஒனக்காகப் பூசைக்குப் பேர் குடுத்திருந்தா. 'டெஸ்மண்டின் சிங்கப்பூர் பயணத்துக்காக'ன்னு ஞாயித்துக்கெழம கோயில்ல மைக்குலயே படிச்சாங்க. நீயும் பூசைக்கு வந்திருந்தா கேட்டிருப்ப."

இத்தனை நாளும் தெரிந்தேதான் அப்பா டெஸ்மண்டுக்குச் சோறு போட்டாரா?

"தெரிஞ்சுமா... அப்புறம் எதுக்குப்பா இந்த ஆம்ப்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்று முதன்முறையாக மகனின் முகத்தைப் பார்த்தார் பெர்னார்ட்.

"நீ போனப்புறம் வீட்டுல ஏதாச்சும் சத்தம் வேணாமாடா?"