சதுப்பின் மேல் ஒரு வாசல்

தாராவிச் சந்தின் தகரக் கூரைகளில் காலை வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. மாட்டுங்காவிலிருந்து வந்திருக்கும் அனந்தநாராயணன் முக்காலியில் காமிராவை நிறுத்திவிட்டு, பத்து வருஷத்துக்கு முன் 1938-இல் இதே இடத்தில் எடுத்த படத்தோடு எதிரே இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஞாயிறுதோறும் பம்பாய் மாறுவதைப் படம் பிடிக்கும் குமாஸ்தா அவர். எதிரே, புதிதாக வெள்ளையடித்த வீட்டு வாசலில் பிச்சம்மாள் நிற்கிறாள்.

"சித்த நகர்ந்துக்கோம்மா. வீடு மட்டும் படத்திலே விழுந்தாப் போறும்."

அவள் நகராமல் அவர் கையிலிருக்கும் பழைய படத்தை எட்டி வாங்குகிறாள். அதில் உப்புத் தண்ணீரும் சேறும் ஒரு கொக்கும்தான் இருக்கின்றன. சுண்ணாம்பு காய்ந்த அவள் விரல் அந்தத் தண்ணீரின் மேல் ஊர்ந்து ஓரிடத்தில் நிற்கிறது.

"இந்தக் குழிதான் சாமி. நானும் எங்க வீட்டு ஆளும் கூடை கூடையா மண்ணு சொமந்து தூத்தோம். ரெண்டு மழைக்கு வீடு முழுகிப்போச்சு. மூணாவது தடவ கெட்டுனது இது. நான் இல்லாம இது மட்டும் எப்பிடி நிக்கும்?"

பம்பாய்க் கோட்டைப் பகுதியின் பெரிய கல் கட்டடங்கள் எத்தனையையோ அவர் எடுத்திருக்கிறார். கட்டியவர் யாரும் எதிரே வந்து இப்படிப் பேசியதில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கிறார். காமிராவின் பின்கண்ணாடியில் சந்தும் கூரையும் தலைகீழாகத் தொங்க, நடுவில் அவளும் அப்படியே நிற்கிறாள்.

"நன்னா நிமிர்ந்து நில்லும்மா. நான் சொல்ற வரைக்கும் அசையப்படாது."

ஓர் ஈ வந்து அவள் கன்னத்தில் உட்கார்கிறது. பிச்சம்மாள் இமைகூடக் கொட்டவில்லை.