இடது கைக்கு எட்டும் தூரம்

எஃப் 12 என்று இருந்ததை அழித்தாள். எஃப் 2 என்று போட்டாள்.

பில்லைச் சேமிக்க இனி அந்தப் பட்டன்தான்.

பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அது அப்படித்தான் கிடக்கிறது. இடது கையை அவளே எடுத்து கீபோர்டின் மேல் வைத்தாள். விரல் சிரமமில்லாமல் எதுவரை போகிறது என்று பார்த்தாள்.

எஃப் 6 வரை போனது.

அந்த ஆறு பட்டனுக்குள் கடையை அடக்கியாக வேண்டும்.

புது பில், பொருள் தேடல், தள்ளுபடி, பிரிண்ட். எல்லாவற்றையும் இரண்டு கை உள்ளவர்களுக்காகவே வைத்திருந்தார்கள். ஒரு கை கன்ட்ரோலை அழுத்திக்கொண்டிருக்க, இன்னொரு கை எங்கோ மூலையில் இருக்கும் எழுத்தைத் தேட வேண்டும். மாற்ற முடியுமா என்று சாஃப்ட்வேர் விற்றவர்களிடம் போனில் கேட்டாள். "செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க மேடம்" என்று வைத்துவிட்டார்கள்.

பார்த்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

தென்காசி ரோட்டில் பைப்பும் மோட்டார் சாமானும் விற்கிற கடை. அவன் விழுந்த அன்று, பைப்பை இணைக்கிற துண்டுகளில் எல்போ எது, டீ எது என்றுகூட அவளுக்குத் தெரியாது. விற்றுவிடலாம் என்றார் அவன் அண்ணன். அவள் மறுவாரமே கல்லாவில் போய் உட்கார்ந்தாள். தப்பாக எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினாள். திட்டியவர்களே பிறகு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒன்றரை வருஷம்.

அவன் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பாதிச் சொல்தான் வரும். மீதியை அவள் முடிப்பாள்.

தண்... தண்ணியா?

போ... போர்வையா?

தலையாட்டுவான்.

அந்தத் தலையாட்டலைப் பார்க்க முடியாமல்தான் அவனைக் கடைக்குக் கூட்டி வந்தாள்.

*

முதல் பில்லுக்கு அவன் விரல் மெதுவாக நகர்ந்தது. எதிரில் ஒரு கொத்தனார் காத்து நின்றார். உதவப் போகக்கூடாது என்று அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

எஃப் 3. பொருள் வந்தது.

எஃப் 2.

பிரிண்டர் கரகரத்தது.

அவன் தாளைக் கிழித்து நீட்டினான். முகத்தில் பழைய ஆள் வந்துபோனான்.

அவள் பின்கட்டுக்குப் போய், பைப்புகளுக்கு நடுவில் நின்று அழுதாள்.

அதன் பிறகு அவன் வேகம் பிடித்தான். அவளுக்குத்தான் தடுமாறியது. அவள் விரல்கள் பழைய இடத்துக்கே ஓடின. ஒரு நாள் பெரிய பில் ஒன்று பாதியில் அழிந்துபோனது. அவன் முழங்கையால் அவளைத் தள்ளிவிட்டு, தானே போட்டு முடித்தான். விளையாட்டுக்குத் தள்ளினான் என்று நினைத்தாள். சிரித்தாள்.

*

மதியம். ஆள் இல்லாத நேரம். கேரியரைப் பிரித்து, சோற்றைப் பிசைந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் ஸ்பூனைத் தொடவில்லை.

"நீ..."

காத்திருந்தாள். இப்போதெல்லாம் அவள் முடித்து வைப்பதில்லை. அவரே சொல்லிப் பழகட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீ நாளையிலருந்து கடைக்கு வர வேண்டாம்."

முழு வாக்கியம். ஒரு சொல்கூடச் சிதையவில்லை. இப்படி ஒன்று அவன் வாயிலிருந்து வந்துவிடாதா என்றுதான் அவள் கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

அவன் சொல்லைத் தேடினான். கிடைத்தது.

"பொண்டாட்டி சம்பாத்தியத்துல திங்கான்னு... பேசுதாங்க."

"யாரு பேசுனா?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டான். அதற்கு மேல் வரவில்லையா, வேண்டாமென்று விட்டானா, அவளுக்குத் தெரியவில்லை.

இடது கையை நீட்டினான். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

இடுப்பில் செருகியிருந்த கடைச் சாவியை எடுத்து அதில் வைத்தாள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது.

*

காலையில் அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து பாத்திரம் கழுவினாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள். போன் அடித்தது. பிளம்பர் பேச்சிமுத்து.

"அக்கா, கடை தெறக்கலியா?"

"அவுக அப்பமே வந்துட்டாகளே."

"வந்துட்டாவ. வாசல்லதான் நிக்காவ. என்ன அண்ணாச்சின்னு கேட்டா பேச மாட்டேங்காவ."

ஷட்டர்.

கனத்த பழைய ஷட்டர். குனிந்து, இரண்டு கையையும் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்க வேண்டும். அவள் அதைத் திறந்துவிட்டு வரும்வரைக்கும் அவன் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்து பழக்கம்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"நீ தூக்கி விட்டுரு தம்பி. நான் சொன்னேன்னு சொல்லிராத."

பேச்சிமுத்து போனை அணைக்காமல் பைக்குள் போட்டிருக்க வேண்டும். ஷட்டர் கிறீச்சிட்டு ஏறுவது கேட்டது. நாற்காலி இழுபடுவது கேட்டது. பிறகு பேச்சிமுத்துவின் குரல்.

"அண்ணாச்சி, முக்கா இஞ்சு டேங்க் நிப்பிள் எந்தத் தட்டுல கெடக்கு?"

டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவது கேட்டது.

போன மாசம் எல்லாவற்றையும் மாற்றி அடுக்கியவள் அவள்தான். பின்வரிசை, கீழ்த்தட்டு, பச்சை டப்பா.

"அக்கா, லைன்ல இருக்கியளா?"

வாய்வரை வந்தது.

போனை வைத்தாள்.