குமாஸ்தாவின் நோட்டு

"பேஷன்ட் வீட்டுக்குக் கிளம்புறாங்க. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவே?"

டீச்சர் கேட்டதும் முன்வரிசைக்காரி எழுந்தாள். சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த ரப்பர் பொம்மையைப் பார்த்து வாஞ்சையோடு சிரித்தாள்.

"ஐ டோன்ட் கேர்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலையில் தேர்வு. தேறினால் வெளிநாட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பத்துப் பேரில் ஒன்பது பேர் தேறிவிடுவார்கள். இவள் ஒருத்திதான் சந்தேகம்.

"டேக் கேர்னு சொல்லணும்மா. 'உடம்பைப் பாத்துக்கோங்க'ன்னு அர்த்தம். நீ சொன்னதுக்கு 'நீங்க எக்கேடு கெட்டா எனக்கென்ன'ன்னு அர்த்தம். பொம்மையா இருக்கவே பேசாம இருக்கு!"

"அதை யார்கிட்ட மிஸ் சொல்லுவாங்க?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொல்லிட்டா அப்புறம் திரும்ப எடுக்க முடியாது."

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. அவளே ஒருவரிடம் அதைச் சொல்லிவிட்டு வீட்டுப் படியிறங்கி மூன்று வருஷம் ஆகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். முன்வரிசைக்காரி குனிந்து மளமளவென்று எழுதினாள்.

இந்த எழுத்துதான் டீச்சருக்குப் புரியாத புதிர். மூன்று மாதமாக இப்படித்தான். டீச்சர் வாயைத் திறந்தால் இவள் பேனாவைத் திறப்பாள். வகுப்பில் அவளுக்குக் குமாஸ்தா என்றே பெயர். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவளுடைய இங்கிலீஷ் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

மதியம் மற்றவர்கள் போன பிறகு டீச்சர் அவளை நிறுத்தி வைத்தாள்.

"ஐ கேர் ஃபார் யூன்னா?"

"உங்க மேல எனக்கு அக்கறை இருக்கு."

"சபாஷ்! ஹூ கேர்ஸ்னா?"

"யாரு பாத்துக்கறாங்க?"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "யாருக்கு என்ன கவலைன்னு அலட்சியமா சொல்றதும்மா அது. உனக்கு ஃபீஸ் கட்டினது யாருன்னு சொன்னே?"

"நான் வேலை பாக்கற வீட்டு அம்மா. படுக்கையோட இருக்காங்க. நான்தான் பாத்துக்கறேன்."

"படுத்த படுக்கையிலயும் உன்னைக் கரையேத்தணும்னு நினைச்சிருக்காங்க பாரு, எவ்வளவு நல்ல மனசு! அவங்களுக்காகவாவது நீ பாஸ் பண்ண வேண்டாமா?"

குமாஸ்தா மேஜையைப் பார்த்தாள். டீச்சரின் சாப்பாட்டு டப்பா மூடியபடியே இருந்தது.

"முதல்ல சாப்பிடுங்க மிஸ். மணி ரெண்டாச்சு."

"எனக்குப் பசிக்கலை. நீ தேறினா அதுவே எனக்கு வயிறு நிறைஞ்ச மாதிரி."

சொல்லி முடிப்பதற்குள் குமாஸ்தா எழுத ஆரம்பித்தாள். டீச்சருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"நில்லு! இப்ப நான் ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ்ல பேசலையே. என்னத்தை எழுதினே? கொண்டா இப்படி!"

நோட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். எந்தப் பக்கத்திலும் பாடம் இல்லை.

"திங்கள்: இருமல் இருக்கு. மருந்து வாங்கின மாதிரி தெரியலை. புதன்: செருப்பு அறுந்துபோய் ஊக்கு குத்தியிருக்காங்க. வெள்ளி: சிரிச்சாங்க, ரெண்டு தடவை. இன்னிக்கு: பேசும்போது குரல் அடைச்சுது. மத்தியானம் சாப்பிடலை."

"என்ன இது? என்னை உளவு பாக்கறியா?" டீச்சர் நோட்டைப் படாரென்று மூடினாள். "நாளைக்குப் பரீட்சையை வெச்சுக்கிட்டு..."

"நான் வெளிநாடு போகலை மிஸ். என்னை இங்க சேத்துவிட்டதே தினமும் உங்களைப் பாத்துட்டு வரத்தான்." குமாஸ்தா மெதுவாக நோட்டை வாங்கிக்கொண்டாள். "சாயங்காலம் இதை வாசிச்சுக் காட்டினாத்தான் உங்க அம்மா மாத்திரையே போட்டுக்கறாங்க."