ஆர்லோ வாங்கிய ஸ்கோப்

கணவன் இறந்தபின் அமெரிக்காவின் வயோமிங் மலையடிவாரத்துத் துப்பாக்கிக் கடையை லோர்னா தனியாக நடத்திவந்தாள். வேட்டைக்காரர் ஆர்லோ சனிக்கிழமைதோறும், துப்பாக்கிமேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பார்க்க வருவார்.

“எண்ணூறு கஜத்துல நிக்கிற மானும் பளிச்சுன்னு தெரியணும், லோர்னா.”

“இதுல தெரியும். ஆனா பனியில கண்ணாடி மங்கிடும்.”

“அப்போ அது?”

“அதைத் தூக்கிட்டு மலை ஏறினா உங்களுக்கு மூச்சு வாங்கும். அடுத்த வாரம் புதுசு வருது, பொறுங்க.”

வேட்டைக் காலம் நெருங்கியதும் ஆர்லோ பிடிவாதமாக ஒன்றை வாங்கிப் போய்விட்டார். நல்ல ஸ்கோப்புக்கெல்லாம் குறை சொல்லி இத்தனை நாள் அவரை வரவழைத்த லோர்னா, ஆளில்லாத கடையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை ஆர்லோ அந்த ஸ்கோப் பெட்டியோடு வந்து நின்றார்.

“இதுல ஒண்ணும் சரியாத் தெரியல. வேற காட்டுங்க.”

பெட்டியை அவர் பிரித்திருக்கவே இல்லை; ஒட்டிய நாடா அப்படியே இருந்தது.

“நிதானமாத்தான் பார்க்கணும்,” என்றபடி லோர்னா இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றினாள்.