வைஃபை போயிருச்சுங்க

வைஃபை வந்துவிட்டது.

திரையின் மேல்மூலையில் அந்தக் குட்டி விசிறிக் குறி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை.

அவளாகவே சரிசெய்தது இதுதான் முதல் தடவை.

அவள் கணவன் லினக்ஸ் போட்டுக் கொடுத்த லேப்டாப் அது. விண்டோஸுக்கு மூச்சு வாங்குது பாவம் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோறுகூட மறந்து உட்கார்ந்து மாற்றினான். அன்றிலிருந்து நன்றாகத்தான் ஓடுகிறது. மூடி வைத்துத் திறந்தால் மட்டும் வைஃபையை மறந்துவிடும். சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் இருக்காது. அதன் இஷ்டம்.

மறந்த நாட்களில் அவள் அவனைக் கூப்பிடுவாள்.

அவன் வருவான். கருப்புத் திரை ஒன்றைத் திறப்பான். ஒரு வரி தட்டுவான். விசிறி வந்துவிடும். "அவ்வளவுதான்" என்று எழுந்து போய்விடுவான். அவள் டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த வீட்டில் பேச்சு என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

முன்பு அப்படியில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். எந்த ஊசி எந்த நேரம், யார் லீவு போடுவது, டாக்டரம்மா ஏன் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, இந்தத் தடவையாவது கரு தங்குமா.

தங்கவில்லை.

இனிமேல் போக வேண்டாம் என்றாள் அவள். சரி என்றான் அவன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், காந்திபுரம் சிக்னலில் பச்சை விழுவதற்குள் முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு எதைப் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. சண்டையில்லை. சண்டை போடவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இரண்டு வாயிலும் கொழுக்கட்டை. சாப்பாடு ஆயிற்றா என்று அடுப்படிப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். தண்ணீர் வந்துவிட்டதைக் குழாய் சொல்லிவிடுகிறது.

ஃபிரிட்ஜ் கதவில் ஊசிமருந்து வைத்திருந்த தட்டு காலியாகக் கிடக்கிறது. தக்காளி சாஸை அங்கே வைக்கலாம். யாரும் வைக்கவில்லை.

இன்று அவன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான். அவள் கம்பெனிக்கு ஒரு ஃபைல் அனுப்ப வேண்டியிருந்தது. லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை இல்லை.

போனில் தேடினாள். எவனோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தான். அந்த வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது. லினக்ஸில் பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. உள்ளே போகிறதா இல்லையா என்றே தெரியாது. நம்பித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உள்ளே போயிருக்கிறது. விசிறி வந்துவிட்டது.

ஃபைலை அனுப்பினாள்.

கதவு திறந்தது. அவன் செருப்பைக் கழற்றினான். கழுத்தில் சலூன் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். முன்னறையில் டிவி ஓட ஆரம்பித்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இனி அவனைக் கூப்பிட ஒன்றுமில்லை.

பயமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குள் அசைந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

மறுபடி போனை எடுத்தாள். வைஃபையைச் சரிசெய்வது எப்படி என்று ஊரே கேட்டிருக்கிறது. வேண்டுமென்றே அணைப்பது எப்படி என்று கேட்பவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். மேலே அந்தக் குறியை அழுத்தினாலே அணைந்துவிடும். ஆனால் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவான். கருப்புத் திரையில் அணைத்தால் தடயம் இருக்காது என்று நினைத்தாள்.

அதற்கும் ஒரு வரி இருந்தது. தட்டினாள்.

விசிறி மறைந்தது.

கருப்புத் திரையை மூடினாள். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க."

டிவி சத்தம் குறைந்தது.

"வைஃபை போயிருச்சுங்க."

வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டான். அவள் பக்கத்தில் நின்றாள். வழக்கமான வரியைத் தட்டினான். விசிறி வரவில்லை. நெற்றியைச் சுருக்கினான். இன்னொரு வரி தட்டினான். என்னதான் கோளாறு என்று லேப்டாப்பையே கேட்கிற வரி.

அதற்கு ஒளிக்கத் தெரியாது. பதில் சொல்லிவிட்டது.

பழுது எதுவும் இல்லை. வைஃபை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

அவன் படித்தான். நின்ற இடத்திலிருந்தே அவளும் படித்தாள். காதோரம் சுட்டது. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவன் இப்போதுதான் வெளியிலிருந்து வந்திருக்கிறான்.

அணைத்ததைத் திறக்க ஒரு வரி போதும். அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

அவன் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றன.

அவ்வளவுதான் என்று சொல்லப்போகிறான். எழுந்து போகப்போகிறான். அவள் தரையைப் பார்த்தாள்.

அவன் ஏதோ தட்டினான். அந்தப் பதில் திரையிலிருந்து அழிந்தது. விசிறி வரவில்லை.

"இது வேற என்னமோ." தொண்டையைச் செருமிக்கொண்டான். "கொஞ்சம் நேரமாகும்போல இருக்குது."

கட்டிலில் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தான்.

அவன் நகர்ந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள்.