எண்ணூர் மீன் குழம்பு

மனிதன் நிலாவில் கால் வைத்த இரண்டாம் ஆண்டில், அதற்குச் சற்றும் குறையாத இன்னொரு நிகழ்ச்சி வடசென்னையில் நடந்தது. ராயபுரத்து ஐஸ் கம்பெனி ஒன்றின் சூப்பரிண்டெண்ட் திருவாளர் பக்தவச்சலம், அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக, திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நடந்தே வந்து, புதிதாகத் திறந்திருந்த ஓட்டலின் பெஞ்சில் அமர்ந்தார்.

வரலாறு இதைக் கண்டுகொள்ளவில்லை. அவரிடம் வேலை பார்க்கும் ஜேக்கப்பால் அப்படி இருக்க முடியவில்லை. ஓட்டலைக் காட்டியவன் அவன்.

மாதம் ஒரு ஞாயிறு நடைப்பயணம், முடிவில் ஆட்களில் ஒருவர் காட்டும் ஒரு புது ஓட்டல். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துவிட்டு சூப்பரிண்டெண்ட் கொண்டுவந்த ஏற்பாடு. விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று சொல்லியிருந்தார். விருப்பமில்லாத இரண்டு பேருக்கு ஷிப்ட் மாறியது. மறுமாதம் எல்லாருக்கும் விருப்பம் வந்துவிட்டது.

நடைப்பயணம் என்றால் ஏறுவதற்கு ஒரு மலை வேண்டாமா? ராயபுரத்தில் மலைக்கு எங்கே போவது? போன தடவை துறைமுகத்து நிலக்கரிக் குவியலில் ஏறினார்கள். உச்சியை எட்டுவதற்குள் வாட்ச்மேன் வந்து இறக்கிவிட்டான்.

ஓட்டல் விஷயத்தில் முறை கண்டிப்பானது. முதல் கவளம் சூப்பரிண்டெண்டுக்கு. அவர் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை நனைக்கலாம். பெரம்பூரில் வால்டர் காட்டிய ஓட்டலின் கறிக்குழம்பு தெருவில் போகிறவனை எல்லாம் உள்ளே இழுத்தது. சூப்பரிண்டெண்ட் ஒரு வாய் தின்றுவிட்டு, மண் மாதிரி இருக்கிறது என்றார். வால்டர் இப்போது ராத்திரி ஷிப்டில் ஐஸ் பாளம் இழுக்கிறார்.

ஜேக்கப் இன்னும் தினக்கூலி. அவனைப் பர்மனென்ட் ஆக்க அந்த ஆளின் ஒரு தலையசைப்புப் போதும். ஆகாவிட்டால் ஹில்டா இல்லை. அவளுடைய அப்பா லூயிஸ் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: வேலை நிலைக்கட்டும், அப்புறம் கோயிலில் எல்லாரும் அறியக் கல்யாண ஓலை வாசிக்கலாம், பெரம்பூர் ரயில்வேயில் ஒரு மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறான், கிறிஸ்மஸ் வரைதான் பொறுப்பேன்.

அதனால் இன்று விடிகாலைப் பூசையில் ஜேக்கப் அந்தோனியாரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. மீன் குழம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

இலை போட்டார்கள். சோறு வந்தது. குழம்புக்கு முன்னால் அதன் வாடை வந்தது.

ஐஸ் கம்பெனிக்காரனுக்கு மீனைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐஸைக் காணாத வஞ்சிரம் எப்படி நாறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பெஞ்சு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ஓட்டல்காரர் தங்கப்பாண்டி, தென்காசிப் பக்கத்துக்காரர், நேர்மையான மனிதர். பரிமாறுகிறவன் தெரியாமல் ஊற்றிவிட்டான் என்று பதறி ஓடிவந்தார்.

"நேத்துள்ள மீனு சார், ஐஸ் வரல. எடுத்துருதேன். முட்டை பொரிச்சுத் தாரேன்."

சூப்பரிண்டெண்ட் ஒற்றைக் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மீன் துண்டை எடுத்தார். கண்ணை மூடினார். மூக்கருகே கொண்டுபோய், நெஞ்சு விரிய, நீளமாக முகர்ந்தார்.

ஜேக்கப் மனதுக்குள் ஹில்டாவைப் பெரம்பூருக்கு ரயிலேற்றிவிட்டான்.

மென்றார். விழுங்கினார்.

"ஃபஸ்ட் கிளாஸ். இன்னிக்குப் பிடிச்ச மீன். வாசனையே சொல்லுதே."

தங்கப்பாண்டி வாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பக்கத்திலிருந்த ஃபிட்டர் பஷீர் ஜேக்கப்பின் காதருகே குனிந்தான். "இன்னா மாமு, இந்தாளுக்கு மூக்கு கீதா, இல்லியா?"

ஜேக்கப் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது பரீட்சை. யார் நம் ஆள், யார் இல்லை என்று பார்க்கிறார்.

எப்படியிருக்கிறது என்று சூப்பரிண்டெண்ட் அவனைத்தான் முதலில் கேட்டார். கேட்டவிதத்தில் அதட்டல் இல்லை. பதில் தெரியாதவன் கேட்பது போல இருந்தது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் ஜேக்கப் இல்லை.

ஒரு துண்டை வாயில் போட்டான். நாக்கு வேண்டாம் என்றது. தொண்டையும் அதையே சொன்னது. ஹில்டாவை நினைத்துக்கொண்டு விழுங்கினான்.

"சோக்கா கீது சார்" என்றான். சொன்னதோடு விடாமல் இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினான்.

அதன்பின் பெஞ்சு முழுக்கப் பாராட்டு மழை. இப்படியொரு மீனைக் காசிமேட்டிலேயே பார்த்ததில்லை என்று ஒருவர் சொன்னார். பஷீர்கூட மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டே தலையாட்டினான்.

பஸ் நிறுத்தத்தில் சூப்பரிண்டெண்ட் ஜேக்கப்பின் தோளில் கை போட்டார். நாளையிலிருந்து அவன் பர்மனென்ட் என்றார். ஜேக்கப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வருகிற ஞாயிறே முதல் ஓலையை வாசிக்கச் சொல்லி சாமியாரைக் கேட்டுவிடலாம்.

இனி பாளம் இழுக்கவும் வேண்டாம். எந்திர அறையில் வேலை. தண்ணீரை உறைய வைக்கும், கசிந்தால் ஆளைக் கொல்லும் அமோனியா வாயு ஓடுகிற குழாய்களுக்கு நடுவில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முழு ஷிப்ட்.

தினமும் காலையில் அந்த அறைக்குள் முதலில் போய், வாயு கசிகிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு ஆட்களை உள்ளே அனுப்புகிறவர் சூப்பரிண்டெண்ட்.